அம்மாவுக்காகச் சொல்லிவைத்த கார்

அம்மாவுக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன பிறகுதான் எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தது. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்குப் பெரியவர். சைக்கிளில் வேலைக்குப் போய்ச் சைக்கிளில் திரும்புகிறவர். காருக்கு ஆசைப்படுகிற ஆளே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அம்மாவை ரிக்‌ஷாவில் தூக்கி ஏற்றும்போது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். சில மாதங்களில் கோயிலுக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

டவுனில் இருந்த ஒரு கார் கம்பெனியில் விற்பனைக்கு நின்றவர் எங்கள் கோயில்காரர்தான். நாங்கள் உட்காரும் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் குடும்பத்தோடு உட்காருவார். வெள்ளைக் கோட்டும், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையுமாக இருப்பார். அப்பா அவரிடம் போய் அம்மாவின் நிலையைச் சொன்னார். அவர் மறுநாளே அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கடையிலே நிக்கிற கார் அக்காவுக்குச் சரிப்படாது சார். இங்கிலீஷ்காரன்கிட்ட சொல்லி அக்காவுக்குன்னே செஞ்சு வாங்கிடுவோம் லா," என்றார்.

அம்மாவின் சாய்வு நாற்காலியை அளந்தார். தரையிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு அம்மாவால் வலக்காலைத் தூக்க முடிகிறது என்று பார்த்தார். முன் கதவு வழக்கத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், இடப்பக்கத்து இருக்கை பின்னால் சாய்ந்து படுக்கை போலாக வேண்டும், ஏறும் படி தாழ்ந்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பேசி முடிவு செய்தார்கள். நிறம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா, குழறுகிற நாக்கோடு, "பச்சை... வெத்தலைப் பச்சை," என்றார். அவருடைய நோய்க்குப் பிறகு தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டார். ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் கார் வரத் தாமதமானது. வரவே வராது என்று நாங்கள் நினைத்திருந்த சமயத்தில் கப்பல் வந்தது. அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். கம்பெனியின் கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிலைப் பச்சையில் மின்னிக்கொண்டு நின்றது. நான் கதவைத் திறந்து இருக்கையைச் சாய்த்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சாய்ந்தது.

"நம்பர் பதியணும், பாலிஷ் போடணும். அடுத்த வாரம் நானே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்லே நிறுத்துறேன்," என்றார் விற்பனைக்காரர்.

அந்த அடுத்த வாரம் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தன. தஞ்சோங் என்று நாங்கள் சொல்லும் டவுனில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோதே குண்டு விழுந்தது. கடைவீதி பற்றி எரிந்தது. எல்லோரும் ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடிவாரத்துக்கு ஓடினார்கள். அப்பா காருக்காகக் கம்பெனிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டை கரியாக இருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கார்லே அவன் பொண்டாட்டி பிள்ளைங்க ஏறி உக்காந்திருக்காங்க. சாயுற சீட்டுலே தையல் மிஷின், பாய், பானை எல்லாம். அம்மாவை மட்டும் ஏத்திக்கன்னு கேட்டேன். எடமில்லே சார்ன்னுட்டுப் போயிட்டான்."

படுக்கை போலச் சாயும் அந்த இருக்கையில் தையல் மிஷின் போயிற்று. அம்மாவை நாங்கள் காய்கறி ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் அம்மா அப்பாவின் கையைப் பிடித்தார். ஒரு சீனரின் தோட்டத்துக் கொட்டகையில் தங்கினோம். மார்ச்சளி கட்டி, கிறிஸ்துமஸைப் பார்க்காமலே அம்மா போய்விட்டார். சாமியார் வர வழியில்லை. அப்பாவே செபம் சொன்னார்.

ஜப்பான்காரன் ஆட்சி நிலைத்த பிறகு டவுனுக்குத் திரும்பினோம். அதே கார் கம்பெனியை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. ஊரில் பறித்த வண்டிகளையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து பழுதுபார்த்தார்கள். அதற்கு மேலாள் நம் விற்பனைக்காரர். எங்கள் பச்சைக் காரைத் தன்னுடைய அன்பளிப்பு என்று சொல்லி ஒரு அதிகாரிக்குக் கொடுத்து அந்த வேலையை வாங்கியிருந்தார்.

அப்பா போய்க் கேட்டார். காரைத் திருப்பிக் கேட்கவில்லை. "என் பொண்டாட்டிக்காகச் செஞ்ச கார். அதை உன் காருன்னு சொல்லிக் கொடுத்தியே, நியாயமா?" என்று மட்டும் கேட்டார். விற்பனைக்காரர் வாசலில் நின்ற சிப்பாயைக் கூப்பிட்டு, இந்த ஆள் வெள்ளைக்காரனின் கப்பல் கம்பெனிக்காரன், ராணுவ வண்டியைத் தன்னுடையது என்கிறான் என்று கைச்சாடையும் மலாயுமாகச் சொன்னார். அப்பாவைக் கன்னத்தில் அறைந்து, ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நடுப்பகலில் ரோட்டில் நிற்கவைத்தார்கள். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போனபோது கல் அப்பாவின் தலைக்கு மேலேயே இருந்தது. விற்பனைக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரவில்லை. இவனை விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. அது கோபமாக இருந்திருந்தால் ஆறிப்போயிருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. கான்வென்டில் படித்து டைப்பிங் தெரிந்தவள். ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கும் நிப்போங்கோ பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் அரிசிக்காகவும் வேலைக்காகவும் படித்தார்கள். நான் ராவும் பகலும் படித்தேன். ஆசிரியர் என்னை மெச்சினார். தேறியதும் எந்த ஆபீஸுக்குப் போக விருப்பம் என்று கேட்டபோது, வண்டி ஆபீஸ் என்றேன்.

விற்பனைக்காரருக்கு ஜப்பான் மொழி ஏறவேயில்லை. அதிகாரிகள் வந்து எனக்கு இப்படி வண்டி வேண்டும், அப்படி வேண்டும் என்று கேட்பதை அவருக்குச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. முதல் நாள் என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. நான் கைகூப்பி, "வணக்கம் அண்ணே," என்றேன்.

"பழசையெல்லாம் மனசுலே வச்சுக்காதே தங்கச்சி. காலம் அப்படி," என்றார்.

"எதுண்ணே பழசு? எனக்கு வேலை கிடைச்சதே பெரிசு," என்றேன்.

அதன்பின் பல மாதங்கள் அவருக்கு நல்லவளாக நடந்துகொண்டேன். அவர் உளறினால் நான் திருத்திச் சொல்வேன். அதிகாரி திட்டினால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வேன். ஜப்பான்காரன் எதிரிலேயே அவனைத் தமிழில் கேலி செய்வது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. நான் முகம் மாறாமல், "நன்றாகச் செய்து தருகிறேன் என்கிறார்," என்று மொழிபெயர்ப்பேன். தமிழ் தெரிந்தவள் தன் பக்கம்தான் இருப்பாள் என்று அவர் நம்பிவிட்டார். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு நான் காத்திருந்தேன்.

பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டிகளைக் கரிப்புகையில் ஓட்டத் தொடங்கிய காலம் வந்தது. பச்சைக் காரை வைத்திருந்த அதிகாரி அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் கரியடுப்பு பொருத்த வேண்டும், கறுப்புச் சாயம் பூச வேண்டும், மேலதிகாரி வரும்போது அவரை இதில்தான் ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன், ஆகவே வண்டி புதிதுபோல ஓட வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல விற்பனைக்காரர் தலையை ஆட்டினார். முன்பு அம்மாவின் கட்டிலருகே ஆட்டிய அதே தலை.

வேலை நடந்த நாட்களில் பட்டறைப் பக்கம் போனபோது பார்த்தேன். காரின் நல்ல என்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, கரி மூட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள். காருக்குள் ஒரு உடைசல் லாரியின் என்ஜினைப் பூட்டியிருந்தார்கள். புக்கிட் மெர்தாஜாமில் நெல் அரைக்கும் ஒரு முதலாளிக்கு நல்ல என்ஜின் போகப்போவதாகப் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானாகச் சொன்னால் அது கோள்மூட்டுவதாகும். அவர் வாயாலேயே வர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியை எடுத்துப்போக அதிகாரி காலையில் வந்தார். ஓட்டிப் பார்த்தார். கார் குலுங்கிக் குலுங்கி, மூலை திரும்புவதற்குள் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி இறங்கி, "இதில் முன்பிருந்த என்ஜின்தானா இது?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

விற்பனைக்காரர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அதேதான்னு சொல்லு. கரியிலே ஓடினா இப்படித்தான் இருமும்னு சொல்லு," என்றார்.

 நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பழைய என்ஜின் எங்கேன்னு கேட்டா என்னாண்ணே சொல்றது?" என்று கேட்டேன்.

அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "கரி மூட்டைக்கு அடியிலே தூங்குது, நாளைக்கு புக்கிட் மெர்தாஜாம் போகுதுன்னு சொல்லேன். இந்தக் குரங்குக்கு என்ஜினும் தெரியாது, ஒன்னும் தெரியாது லா," என்று குனிந்து வணங்கினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

சொன்னேன். கரி மூட்டையைச் சொன்னேன். நாளைக்குப் போகிற ஊரைச் சொன்னேன். குரங்கையும் சொன்னேன். அதிகாரி ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, மறுபடி சொல் என்றார். இந்த முறை நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். விற்பனைக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு சிப்பாய்கள் பட்டறைக்குள் போய் மூட்டைகளை இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி... என்ன சொன்னே நீ?"

அதற்குள் சிப்பாய்கள் என்ஜினை வெளியே இழுத்துப் போட்டார்கள். முதல் அறையிலேயே அவர் கீழே விழுந்தார். எழுப்பி மறுபடி அடித்தார்கள். பிறகு அதே ரோட்டில், அதே வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். அவர் உட்காருகிற நாற்காலியை நான் நிழலில் இழுத்துப் போட்டுக்கொண்டு, லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறவரை உட்கார்ந்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அதிகாரி எனக்கு ஒரு பை அரிசி கொடுத்தார். வீட்டில் வடித்தேன். சோற்றின் மணத்தில் அப்பா எழுந்து வந்தார். கல் தூக்கிய நாளிலிருந்து யாரோடும் அதிகம் பேசாதவர். நடந்ததைச் சொன்னேன். கையில் சோற்றோடு அப்படியே இருந்தார்.

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"குரங்குன்னானா? மூஞ்சிக்கு நேரா நின்னா?"

அப்பா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று தடவை சொல்ல வைத்தார். நான் சலிக்காமல் சொன்னேன்.

சில நாள் கழித்து விற்பனைக்காரரின் மனைவி வந்தார். தம் புருஷனுக்காக அதிகாரியிடம் பேச வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். அவர் அழுதுகொண்டே சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி முடியாதென்று தலையை அசைத்து அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது அந்த அம்மாள், "அந்தக் கார் உங்க வீட்டுக் காருன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார். உண்மையாக இருக்கலாம். எனக்கு அதில் அக்கறை இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் அரிசி கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

பல மாதங்கள் கழித்து விற்பனைக்காரரை விட்டார்கள். வலக்கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஜப்பான்காரன் தோற்று வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு, கோயிலில் பழையபடி பூசை தொடங்கியது. அவர் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் பூசையில் நன்மை அப்பம் வாங்கத் தவறியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு எத்தனையோ சின்னப் பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. இது பாவம் என்று எனக்குப் பட்டதேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவும் நானும் வெளியே வந்தபோது அவர் கோயில் வாசலில் நின்றிருந்தார். தலையில் எண்ணெய் இல்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"என்னா இருந்தாலும் நாம தமிழாளுங்க. ஒரே கோயில். ஒரு ஜப்பான்காரன்கிட்ட என்னைக் காட்டிக் கொடுத்திட்டியே."

"நீங்க சொன்னதைத்தாண்ணே சொன்னேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்," என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். நாங்கள் ரோட்டைக் கடந்தோம்.