கொத்தவரைப் பிசினும் நான் சொன்ன பதிலும்

பூண்டியிலிருந்து கிளாவரைக்குப் போகும் வழியில், பூண்டு வயலுக்குக் கீழே நூறடி நீளத்துக்கு ரோடு எப்போதும் ஊறியே கிடக்கும். எத்தனை ஜல்லி கொட்டினாலும் விழுங்கிவிடும். "சளி பிடிச்ச எடம்" என்பார்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் பேச்சென்றால் எனக்கு உயிர். அங்கே நான் மேஸ்திரி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு இன்ஜினியர் கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பிசின் பொடியை மூட்டையாகக் கொண்டுவந்தார். மண்ணோடு கலந்து இறுக்கிக் காயவிட்டால் பிசின் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் ரோடு நிற்கும் என்றார். கலக்கும் முறையை இங்கிலீஷில் எழுதித் தந்துவிட்டுக் கொடைக்கானல் போய்விட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. "பாத்துக்கிறேன் சார்" என்று தாளைப் பைக்குள் வைத்தேன்.

சிமெண்ட் பால் கரைத்துப் பழகியவன் நான். டிரம் தண்ணீரில் பொடியை அப்படியே கவிழ்க்கச் சொன்னேன். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, மூட்டையைப் பிரிக்காமல் நின்றாள்.

"அண்ணே, கட்டி தட்டிரும். பொறகு ஒடைக்க ஏலாது. மொதல்ல மண்ணோட பெரட்டிட்டு, தண்ணிய தெளிச்சு விடுவமா? களிக்கு மாவ மொத்தமாக் கொட்டினா கட்டி தட்டுற மாதிரித்தானே?"

"ஏத்தா, ஒங்க தோட்டத்துல ரோட்டுக்கும் களி கிண்டுவாகளோ?"

நான் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கவிழ்த்தாள். அதை மண்ணில் ஊற்றி இறுக்கி ரோடு போட்டோம்.

அடுத்த மழைக்கே கேரட் ஏற்றிய ஜீப் அச்சுவரை இறங்கியது. இன்ஜினியர் தோண்டிப் பார்த்தார். உள்ளே பிசின் உருண்டை உருண்டையாக, நடுவில் பொடி நனையாமலே இருந்தது.

"யாரு கலந்தது?"

"பொம்பளையாளுதான் சார்," என்று அவளைக் காட்டினேன். கலந்தது அவள் கைதான். அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அந்தம்மா இனிமே வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி கலக்கும்போது அவரே கூட நின்றார். முதலில் மண்ணோடு பொடி, பிறகு தண்ணீர். அவள் சொன்ன அதே முறை. அடுத்த மழைக்கு ரோடு அசையவில்லை. அவர் என் தோளைத் தட்டினார்.

அன்றைக்கே மேலே வயலில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவளிடம் போனேன். "நாளைக்கு வெள்ளனே வேலைக்கு வந்துரு, ஆத்தா."

"சார்கிட்ட சொல்லிட்டீங்களாண்ணே, யாரு கவுக்கச் சொன்னதுன்னு?"

அவர் கீழே ரோட்டில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை.