மூன்று மதமும் ஒரு பெட்ரோமாக்ஸ் கடையும்

செங்கல்பட்டு மார்க்கெட்டில் கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் அண்டாவும் வாடகைக்கு விட்டவர் என் அக்கா புருஷன் கிஃபாயத்துல்லா. அந்தக் கடையில் நானும் பங்குதாரன். பி.காம். படித்து உத்தியோகம் கிடைக்காதவர்கள் தொழிலதிபர் ஆவது ஐம்பதுகளில் சாதாரணம்.

மச்சானின் வியாபாரத் தத்துவம் எளிமையானது.

"ஆடியில இந்து கல்யாணம் பண்ண மாட்டான். மொகரத்துல நம்மாளு பண்ண மாட்டான். தபசு காலத்துல கிறிஸ்துவன் பண்ண மாட்டான். மூணு பேரும் ஒரே நேரத்துல சும்மா குந்திகினு இருப்பானுங்களா மச்சான்?"

நான் இதற்கு 'ஆபத்தைப் பரவலாக்குதல்' என்று பெயர் சூட்டினேன். பெயர் வைத்த கூலியாகத்தான் எனக்குப் பங்கு என்பாள் அக்கா ஷரீபுன்னிசா.

சில வருஷம் நன்றாகவே ஓடியது. லாபமெல்லாம் புது விளக்காகவும் புது அண்டாவாகவும் மாறியது. கையிருப்பு என்று ஒன்று வைக்கவில்லை. மூன்று மதங்கள் காவலிருக்கும்போது கையிருப்பு எதற்கு?

நாங்கள் மறந்தது நிலாவை. மொகரம் ஒரே இடத்தில் நிற்காது. வருஷாவருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். நகர்ந்து நகர்ந்து, ஐம்பத்தெட்டில் ஆடியின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற நாங்கள் இரண்டு பேரும், கடைக்குள் மட்டும் பிறையைப் பார்க்கவில்லை.

வாடகை ஏற்கெனவே பாக்கி. கட்டடத்துக்காரர் துரை, ஆடி முடிவதற்குள் தீர்க்காவிட்டால் கடை வேறு ஒருவருக்கு என்று சொல்லிவிட்டார். அந்த வேறு ஒருவர் எலக்ட்ரிக் பல்பு விற்கிறவர். கடை போவதைவிட அதுதான் மச்சானுக்கு உறுத்தியது.

மிச்சமிருந்தது மூன்றாவது மதம். மகள் கல்யாணத்துக்கு எல்லா விளக்கையும் சொல்லிவைத்திருந்த அச்சரப்பாக்கம் சாலமோன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணாத்த, கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிட்டோம்."

"இன்னாத்துக்குய்யா?"

"ஆடியாச்சே. சம்பந்தி வூட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்கோ."

"யோவ், நீ வேதக்காரன்யா!"

"வேதத்துக்கு வந்தது எங்க தாத்தா. ஆடி எங்க கூடயேதான கீது."

இதில் வேடிக்கை என்னவென்றால், சாலமோன் விட்டதும் சேர்ந்து, அந்த மாதம் கடையில் ஒரு விளக்குகூட இல்லை. பாதி விளக்கு மொகரத்துப் பஞ்சா ஊர்வலத்தில் எரிந்தது; மீதி அம்மன் கோயில்களில் எரிந்தது. அண்டாக்களில் கூழ் கொதித்தது. எல்லாம் இலவசம். சாமி காரியத்துக்கு வாடகை வாங்குவதில்லை என்பது மச்சானின் வழக்கம். மண்ணெண்ணெயும் விளக்கின் மேண்டில் வலையும்கூட எங்கள் செலவு. கடையும் காலி, கல்லாவும் காலி.

"துரைக்கு வேல வெக்காம நீங்களே காலி பண்ணிட்டீங்க," என்றாள் அக்கா. "வெளக்கு சாமிக்கு சும்மாவே எரியட்டும். மண்ணெண்ணெய் இன்னா நம்ம வூட்டுக் கெணத்துலயா ஊறுது? போய்க் கேளுங்க. வர்ற காசுல பாக்கிக்குப் போக மிச்சம் எங்கிட்ட வரணும்."

மச்சானுக்குக் கேட்க வெட்கம். படித்தவன் என்று என்னை அனுப்பினார். அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் எல்லம்மாளிடம் போய் மழை, ஏரி, அரிசி விலை என்று சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இன்னா நைனா, விசயத்துக்கு வா. கூழு அடி புடிக்குது."

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் துடுப்பு கையிலிருந்து நழுவியது.

"வருசா வருசம் வெளக்குக்குன்னு சொல்லித்தான ஊர்ல வசூல் பண்றோம்! நீங்க கேக்கல. சரி, அல்லா குடுத்து வசதியா கீறவங்கன்னு நெனச்சு அந்தக் காசுக்கு வாணம் வுட்டுட்டோம்."

அந்த வாணவேடிக்கையை ஒவ்வொரு ஆடியிலும் நானும் மச்சானும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்து, 'நல்லா செலவு பண்றாங்கப்பா' என்று மெச்சியிருக்கிறோம்.

அந்த வருஷம் வாணக் காசு எங்களிடம் வந்தது; வாணம் இல்லை. பஞ்சாக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய்க் காசைக் கொடுத்தார்கள். துரை பாக்கியை வாங்கிக்கொண்டார். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

மிச்சம் அக்காவிடம் போனது. 'ரிசர்வ் ஃபண்ட்' என்று நான் பெயர் வைக்குமுன்பே பெட்டிக்குள் போய்விட்டது. ஆவணியில் கல்யாணங்கள் திரும்பி வந்தன. லாபத்தில் ஒரு பங்கும் அதே பெட்டிக்குப் போனது. மச்சான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மெட்ராஸ்ல புதுசா ஒரு அண்டா வந்துகீதாம்..."

அக்கா பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாஸ்தா ஆறுது, வாங்க," என்றாள்.