அரை கன மீட்டர் கான்கிரீட்

அந்தத் தெருவில் அவரை ரிஜிஸ்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. கான்கிரீட்டைச் சோதிக்கிற கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நாற்காலியைத் தேய்த்து, எந்தப் பாலத்தின் மாதிரிக் கட்டி எவ்வளவு அழுத்தத்தில் உடைந்தது என்று தடித்த ரிஜிஸ்டரில் எழுதியவர். கட்டியை உடைத்தது இயந்திரம். இயந்திரத்தை ஓட்டியது வேறொருவர். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார், அவ்வளவுதான். ஆனால் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஊரில் நிற்கிற கட்டடமெல்லாம் தன்னுடைய பேனா முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. "கான்கிரீட்டைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்பார். பால் போட வருகிறவரிடமும் சொல்வார், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவரிடமும் சொல்வார். அவர்கள் யாரும் சொல்லித்தர வரவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி. தெருவுக்கு அவள் தையலக்கா. பாதித் தெருவின் பள்ளிச் சீருடைகள் அவள் கையில் தைத்தவை. எட்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் போனது. அறுவை நடந்தது, எலும்பு கூடவில்லை, சக்கர நாற்காலி வந்தது. காலால் மிதித்த மெஷினைக் கொடுத்துவிட்டுக் கையால் சுற்றுகிற மெஷினை வாங்கிக்கொண்டாள். அறுபத்தோரு வயசில் தோள் இரண்டும் இரும்பாகிவிட்டது.

அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது வாசலில் இருந்த இரண்டே இரண்டு படிகள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்குவார்கள். கணவர் தூக்க மாட்டார். ஓரமாக நின்று, "லெப்ட் கொஞ்சம் ஒசத்தி, ரைட் கொஞ்சம் தாழ்த்தி" என்று மேற்பார்வை பார்ப்பார். யாரோ ஒருவருடைய மூச்சு தன் கழுத்தில் படும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வரும். மூட்டை முடிச்சைக்கூட இப்படிக் கணக்குப் பார்த்துத் தூக்க மாட்டார்கள் என்று தோன்றும்.

அவள் கேட்டது பெரிய ஆசையொன்றும் இல்லை. தெருமுனையில் நூல் கடை இருக்கிறது. யாரையும் கூப்பிடாமல், யாரும் தூக்காமல், தானே அங்கே போய்த் துணியோடு நூலை ஒட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கணவர் வாங்கிவந்தால் வெள்ளைத் துணிக்குச் சந்தன நிறத்தில் நூல் வரும். கேட்டால், "வெளிச்சத்துல பாரு, வெள்ளையாதான் தெரியும்" என்று பதிலும் வரும்.

"சரிவு போட்டுடலாம்" என்று அவர் முதல் மாதமே சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் பாசம்கூட வந்தது. முன்வாசலில் போட்டால் தெருவை மறிக்கும், அதனால் பின்வாசலில் போடுவது, அங்கிருந்து சந்து வழியாகத் தெருவுக்கு வருவது என்று முடிவானது. அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். பின்வாசலைப் பார்த்தார், காலால் நாலடி எடுத்து வைத்து அளந்தார். "அரைநாள் வேலை சார். மூணு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணல், கொஞ்சம் ஜல்லி. கையாலயே கலந்து போட்டுடறேன். காலைல ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும்."

"கையாலயா?" ரிஜிஸ்டர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணிக்கும் சிமெண்டுக்கும் என்ன விகிதம் வைப்பீங்க?"

"அது கைக்குத் தெரியும் சார்."

"கைக்குத் தெரியுமா! உங்க கையைக் கொண்டுபோய் எந்த லேப்ல டெஸ்ட் பண்றது?"

கொத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை விட்டாள். "ஏங்க, அவரே போட்டுட்டுப் போகட்டுமே. நான் என்ன லாரியா, அது மேல ஏறி இறங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. போடுறதைப் பிளான்ட் கான்கிரீட்டா போடணும். கிரேடு தெரியணும்."

கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்புகிற பிளான்ட் ஒன்றுக்கு போன் செய்தார். ஆறு கன மீட்டருக்குக் குறைந்தால் லாரி கிளம்பாது என்றார்கள். இவருக்கு வேண்டியது அரை கன மீட்டர். இன்னொரு பிளான்ட்டுக்குச் செய்தார். அங்கே இருந்தவன் கொஞ்சம் குறும்புக்காரன். "சார், எங்க லாரியைக் கழுவினாலே அவ்வளவு வருமே" என்றான். அவர் அதற்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பதில் வராததற்கு ஒரு நினைவூட்டல் எழுதினார். நடுவில் சரிவுக்குப் படம் போட்டார். பதினோரு படம். ஏழாவது படத்துக்கும் எட்டாவது படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் ஒரு மணி நேரம் விளக்கினார். அவள் கையிலிருந்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டாள். பிறகு பலகை அடித்து அச்சு செய்கிறேன் என்று இரண்டு மாதம் ரசமட்டமும் கையுமாகப் பின்பக்கம் குனிந்து கிடந்தார். கடலுக்குக் குறுக்கே அணை கட்டுகிறவர்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்.

எட்டாவது மாதத்தில் தெருவின் அந்தக் கோடியில் அடுக்குமாடி ஒன்றுக்குத் தளம் போட ஆரம்பித்தார்கள். கான்கிரீட் லாரிகள் வயிறு சுழலச் சுழல வீட்டைத் தாண்டிப் போயின. ரிஜிஸ்டர்காரர் ஓடிப்போய் ஒரு டிரைவரைப் பிடித்தார். வேலை முடிந்ததும் டிரம்மில் எப்படியும் மிச்சம் நிற்கும், அதை எங்கேயாவது கொட்டித் தீர்த்தால்தான் அந்த மனுஷனாலும் வண்டியைக் கழுவ முடியும். "தாராளமா எடுத்துக்குங்க சார், எனக்கும் தொல்லை விட்டுது" என்றார் டிரைவர். மறுநாள் மத்தியானம் என்று பேச்சு. கொத்தனாரையும் தள்ளுவண்டியோடு வரச் சொல்லியாயிற்று. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சந்து வழியாகப் போனால் நூல் கடைக்கு எத்தனை சுற்று சக்கரத்தைத் தள்ள வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

மூன்று மணிக்கு மேல் லாரி வாசலில் வந்து நின்றது. சந்துக்குள் அது நுழையாது. தெருவில் வாங்கி, வீட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய்ப் பின்வாசலில் கொட்ட வேண்டும். கொத்தனார் எட்டடிக்கு நாலடி சென்ட்ரிங் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வாசல் படிகளின் மேல் சாய்த்துப் போட்டார். நழுவாமல் இருக்க அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தார். அந்த வேலைக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு தள்ளுவண்டி நிறையக் கான்கிரீட்டை வாங்கி, பலகை மேல் தடதடவென்று ஏற்றி, முன்னறையில் அவளைத் தாண்டி, பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார். இரண்டாவது வண்டியும் போனது.

மூன்றாவதை ரிஜிஸ்டர்காரர் குறுக்கே நின்று மறித்தார். கையில் டிரைவரின் ரசீது. "கலந்தது பன்னெண்டு நாப்பதுன்னு போட்டிருக்கு. இப்ப மூணு பதினஞ்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சே! இதை நான் ரிஜெக்ட் பண்ணணும்."

"சார், சும்மா குடுக்கிறதை என்ன சார் ரிஜெக்ட் பண்றது?" என்றார் டிரைவர்.

"சும்மான்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? டெஸ்ட் பண்ணிட்டுதான் எடுப்பேன்."

பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே இரும்புக் கூம்பு ஒன்றும், கட்டி வார்க்கிற சதுர அச்சு மூன்றும் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன. ஓய்வு பெற்று வரும்போது எல்லோரும் கடிகாரமும் மாலையும் வாங்கி வருவார்கள். இவர் இதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சமதரையில்தான் செய்ய வேண்டும் என்று மூன்றாவது வண்டியைப் பின்பக்கம் இருந்த சிமெண்டுத் தரைக்குத் தள்ளிப் போகச் சொன்னார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு போனார். டிரைவரும், "சார், வண்டில மிச்சம் இறுகிடும் சார், டிரம்மு போயிடும் சார்" என்று கத்திக்கொண்டே பின்னாலேயே போனார்.

பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு…" கூம்பில் கான்கிரீட்டைப் போட்டுக் கம்பியால் குத்துகிறார். ஓர் அடுக்குக்கு இருபத்தைந்து குத்து, அப்படி மூன்று அடுக்கு. கூம்பைத் தூக்கினால் கான்கிரீட் சரியாமல் அப்படியே நின்றதாம், இளக்கம் போய்விட்டது என்று அர்த்தம். "பெயில்!" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். டிரைவர் ரெண்டு வாளித் தண்ணி விடலாம் என்றார். "என் சரிவுல ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது!" என்று இவர் குதித்தார். சண்டை பலத்தது. அதற்கு நடுவிலும் அச்சுகளில் கட்டி வார்க்கிற குத்து எண்ணிக்கை நிற்கவில்லை.

அவள் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது, தன் சரிவு உருவாகாமலே கல்லாகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இனி இன்னொரு எட்டு மாதம், இன்னும் பதினோரு படம். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

வாசல் கதவு ஆளில்லாமல் விரியத் திறந்து கிடந்தது. படிகளின் மேல் பலகை கிடந்தது. இரண்டு ஆள் கனத்துக்குக் கான்கிரீட் ஏற்றிய வண்டி மூன்று தடவை ஏறியும் அது முனகவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் கணவர் மேல்தான் கோபம் வந்தது. அடுத்த நொடி அது தன் மேலேயே திரும்பியது. எட்டு மாசம்! ஒரு பலகை, இரண்டு செங்கல். இடுப்பில் அடிபட்டால் புத்தியுமா மழுங்கிப் போகும்? அந்த மனுஷன் கான்கிரீட் கான்கிரீட் என்று ஓதி ஓதி, நாமும் அதைவிட்டால் வேறு வழியே கிடையாது என்று நம்பிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தோம் என்று பல்லைக் கடித்தாள்.

வெட்டின துணியில் ஒரு துண்டை எடுத்து மடியில் போட்டாள். சக்கரத்தைப் பிடித்தாள். வாசல் நிலையைத் தாண்டினாள். பலகையில் நாற்காலி இறங்கியபோது இரண்டு உள்ளங்கையும் சக்கரத்தில் தேய்ந்து எரிந்தன. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தன் கையாலேயே, தெருவில் போய் நின்றாள். கழுத்தில் யாருடைய மூச்சும் படவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

டிரைவர் வீட்டுக்குள்ளிருந்து புயல் மாதிரி வெளியே வந்தார். "இனிமே எவன் கேட்டாலும் மிச்சம் கிடையாதுடா சாமி" என்று புலம்பியபடி வண்டியில் ஏறினார். "அம்மா, கொஞ்சம் ஓரமா போங்கம்மா" என்றார். அவள் போனாள். யாரையும் கூப்பிடாமல் தானே ஓரமாகப் போனாள். லாரி உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது.

பின்னாலேயே கொத்தனார் வந்தார். அவளைத் தெருவில் பார்த்ததும் நின்றார். "அக்கா, நீங்களாவா இறங்குனீங்க?"

"சரிவு என்னாச்சு?"

"கொட்டுன ரெண்டு வண்டியும் பாறையாயிடுச்சுக்கா. எருமை படுத்த மாதிரி கிடக்கு. இனி உடைச்சுதான் எடுக்கணும்." பிறகு பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது இங்கயே கிடக்கட்டும்க்கா. நான் வேற வாங்கிக்கிறேன்."

கடைசியாக ரிஜிஸ்டர்காரர் வந்தார். சட்டை முழுக்கச் சிமெண்டு. கையில் ஓர் அச்சைக் குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார். முகத்தில் வேலை முடித்த களை. "மூணு கட்டியும் அருமையா வந்திருக்கு, பாரு" என்று முன்னறையைப் பார்த்துச் சொன்னார். அங்கே யாரும் இல்லை. தெருவைப் பார்த்தார். "ஐயையோ! நீ எப்படி அங்க போனே? அந்தப் பலகைல எல்லாம் ஏறக்கூடாது. கணக்கு கிணக்கு ஒண்ணும் பார்க்காம போட்டது. அது டெம்பரரி!"

"எட்டு மாசமா நான் உள்ள கிடந்தேனே, அது மட்டும் பெர்மனென்டா?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அச்சை வெயில் படாமல் இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார். "அவசரப்படாதே. இருபத்தெட்டு நாள் தண்ணில போட்டு வச்சு இதை உடைச்சுப் பார்த்தா, கான்கிரீட் எப்படின்னு தெரிஞ்சுடும். அப்புறம் சரிவைப் பத்தி ஒரு முடிவுக்கு வரலாம்."

"உடைக்கிற அன்னிக்குச் சொல்லுங்க" என்றாள் அவள், நாற்காலியைத் தெருமுனைப் பக்கம் திருப்பிக்கொண்டே. "நான் வீட்ல இருந்தா வந்து பார்க்கிறேன்."