மூன்றாவது இருக்கையின் உறை

எங்கள் அண்ணா மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலருக்கு எழுதும்படி உறவுகள் கேட்டபோது பிறப்பு, வளர்ப்பு, தொழில் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய காரை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். ஆகவே கார் கொஞ்சம் அதிக இடம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா கரவெட்டியில் பிறந்தவர். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். நாட்டுப் பிரச்சினையால் இளவயதிலேயே டென்மார்க் வந்து சேர்ந்தார். ஹேர்னிங்கில் முதலில் துணி ஆலை, பிறகு யன்னல் செய்யும் தொழிற்சாலை என்று மாறி மாறி உழைத்து என்னையும் இங்கு எடுப்பித்தார். யாராவது கலியாணப் பேச்சு எடுத்தால் "தங்கச்சியின்ரை அலுவல் முதலிலை முடியட்டும்" என்று சொல்லிவிடுவார். என் அலுவல் முடிந்தது. நான் கணவரோடு நாட்டின் மறுபக்கத்திலுள்ள இஷொய்க்குப் போய்விட்டேன். அதன்பின் அவருடைய பேச்சை எடுக்க ஆளில்லாமல் போனது.

இப்படித் தனித்திருந்த மனிதர் வாங்கியது ஒன்பது பேர் ஏறக்கூடிய ஒரு கார்! பழைய அமெரிக்க ஸ்டேஷன்கார். பக்கங்களில் மரப்பலகை போலப் படம் ஒட்டியிருக்கும். கூரையில் சாமான் கட்டும் கம்பிகள். பின்கதவு கீழ்ப்பக்கமாகவும் திறக்கும், பக்கவாட்டிலும் திறக்கும்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ஒற்றை ஆளுக்கு ஏன் இந்த பஸ்?" என்று கேட்டேன்.

"பின்னுக்கு மூண்டாவது சீற் இருக்கு, பாத்தனியோ? எல்லாக் காரிலையும் இது வராது. கேட்டு வாங்கினவனுக்கு மட்டும் போட்டுக் குடுத்தது. வந்த றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கலாம். உன்ரை பிள்ளையளை அதிலை இருத்தி, எல்லாருமா ஒருக்கா மேற்குக் கடலுக்குப் போவம்" என்றார்.

காலப்போக்கில் பழைய அமெரிக்கக் கார் வாங்க நினைத்த பலர் அதைச் சோதித்துச் சொல்ல அண்ணாவைத் தேடினார்கள். பக்கத்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோத் தமிழர்களும் கூப்பிடுவார்கள், டேனிஷ்காரரும் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் மருத்துவர் மாதிரித்தான் பார்ப்பார். பூச்சின் பளபளப்பை ஏறெடுத்தும் பாரார். கைலேஞ்சியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கமாக நகர்த்துவார். காந்தம் ஒட்டாத இடத்தில் கறலை, அதாவது துருவை, மறைத்துப் பசை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பின் கம்பளத்தைக் கிளப்பித் தரைத் தகட்டைத் தடவுவார். தொழிற்சாலையில் என்னென்ன போட்டு அனுப்பினார்கள் என்பதை என்ஜின் பக்கத்துத் தகட்டில் வாசித்து, உள்ளே இருப்பவற்றோடு ஒப்பிடுவார்.

"பழசு எண்டால் பழசு மாதிரி இருக்கோணும். கீறல் கிடக்கட்டும், அது நேர்மை. புதுசு மாதிரி மினுங்கினால் ஆரோ எதையோ மறைச்சுப் போட்டான்" என்பார். யாராவது காரை உறையால் மூடியிருந்தால் முகம் கறுத்துவிடும். "மூடாதேங்கோ ஐயா, ஈரம் உள்ளுக்கை நிண்டு திண்டுபோடும்" என்று சத்தம் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "வாற கிழமை மழை இல்லையாம் தங்கச்சி" என்பார்.

"இல்லையண்ணை, மகளுக்குச் சோதினை."

"ஓம் ஓம், பிறகு பாப்பம்."

பிறகு மகனுக்குப் பந்தாட்டம். பிறகு எனக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. பிறகு இடையிலுள்ள கடற்பாலத்தில் கடும் காற்று. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் வயதும் கடந்து, தங்கள் தங்கள் காரை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அண்ணாவோ வானிலை சொல்வதை நிறுத்தவில்லை.

அண்ணாவின் கார் நின்றது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏரிக் அவர்களின் களஞ்சியத்தில். ஒருநாள் காலை அங்கே அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துகிடந்ததைக் கண்டவரும் அவர்தான். நான் இஷொயிலிருந்து வந்து சேர்ந்தபோது அண்ணா கதைக்கும் நிலையில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே போய்விட்டார். ஐயோ, அந்தக் கையில் எண்ணெய் வாசம்கூட மாறவில்லை.

தகனம் முடிந்து அஸ்தி கைக்கு வந்தது. அதற்குள் காரை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மதிப்புப் பார்க்க ஒரு டேனிஷ்காரர் வந்தார். அவரும் காந்தம் கொண்டுவந்தார். கதவுகள் நல்லது, பூச்சு பழையதே, போட்டு அனுப்பியவை எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று மெச்சிக்கொண்டே பின்கதவைத் திறந்தார். மூன்றாவது இருக்கையை நிமிர்த்தியதும் நின்றுவிட்டார்.

இருக்கை முழுவதும் தடித்த பிளாஸ்டிக் உறை. எங்கள் வீடுகளில் புது சோபாவுக்கு, விருந்தாளி வரும்வரை கழற்றாமல் வைத்திருப்போமே, அதே உறை. ஓரங்களை அண்ணா ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டியிருந்தார். உள்ளே நீர் கோத்து, இருக்கை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒழுகிய ஈரத்தில் கீழ்த் தகடும் கறல் கட்டியிருந்தது.

"இவ்வளவு தெரிந்தவர் இதை ஏன் மூடினார்?" என்று வந்தவர் கேட்டார்.

ஏரிக் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்: "நானும் கேட்டேன். தங்கையின் பிள்ளைகள் வரும்போது புதிதாக இருக்க வேண்டும், அன்றைக்குத்தான் கழற்றுவேன் என்றார்."

ஊருக்கெல்லாம் மூடாதே மூடாதே என்று சத்தம் போட்ட மனுசன், எங்களுக்காக மட்டும் மூடி வைத்திருக்கிறார்.

தகடு இன்னும் ஆளைத் தாங்கும், ஆனால் மூன்றாவது இருக்கையை எடுத்துவிட்டு விற்பதே நல்லது, அதில் இக்காலத்தில் யாரும் இருப்பதில்லை என்றார் வந்தவர். இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். உறையை நானே கிழித்தேன். மகளும் மகனும் இருக்கையைத் தேய்த்துக் கழுவினார்கள். கறை முழுவதும் போகவில்லை.

அஸ்தி கரைக்க அந்தக் காரிலேயே மேற்குக் கடலுக்குப் போனோம். ஏரிக் ஓட்டினார். என் கணவரும் கோயில் ஐயாவும் முன்னால் இருந்தார்கள். நானும் பிள்ளைகளும் மூன்றாவது இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி. அண்ணா என் மடியில் இருந்தார். அன்று மழை இல்லை.

அண்ணாவுக்குத் தன் களஞ்சியத்தையும் காலைக் கோப்பியையும் தந்த ஏரிக் அவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், சமைத்து, சுமந்து, கூட இருந்து அழுத ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்று திவசத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மண்டப வாசலில் அண்ணாவின் கார் நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது. சாப்பிட்டு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடாமல் அந்த மூன்றாவது இருக்கையில் ஏறிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள். உடுப்பில் கறை பட்டால் குறை நினைக்காதீர்கள்.

அன்புத் தங்கை,
இஷொய்