சாமியறையில் ஐந்து இரவுகள்

லண்டனில் நான் முதன்முதலாகப் படுத்த இடம், மனோர் பார்க்கில் என் நண்பன் வாடகைக்கு இருந்த வீட்டின் சாமியறை. எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினேன். மாடியில் இரண்டே அறைகள். பெரியது நண்பனுக்கும் மனைவிக்கும். சின்னதில் ஓர் அலுமாரி, அதன் மேல்தட்டில் முருகன் படம், விளக்கு, திருநீற்றுத் தட்டு. அலுமாரிக்கு முன்னால் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, இப்பால் எனக்கு மெத்தை விரித்திருந்தார் நண்பனின் மனைவி.

“அங்கால மட்டும் கால் நீட்டாதேங்கோ அண்ணை. மற்றும்படி உங்கட வீடு மாதிரி இருங்கோ.”

அன்று கந்தசட்டி விரதத்தின் இரண்டாம் நாள். ஆறு நாளும் அவருக்குப் பாலும் பழமும் மட்டுமே. அந்த வயிற்றோடு காலை ஏழரைக்கு பஸ் ஏறித் தையல் தொழிற்சாலைக்குப் போவார். ஐந்து மணிக்குத் திரும்பி, குளித்துவிட்டுக் கோயிலுக்கு நடப்பார். எனக்கும் நண்பனுக்கும் சோறும் கறியும் அடுப்பில் மூடியிருக்கும். ருசி பார்க்காமல் சமைத்ததால் புதன்கிழமைப் பருப்பில் உப்பே இல்லை. நான் சொல்லவில்லை.

“ஆறு வருஷம் விடாமப் பிடிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சவ, மச்சான்,” என்றான் நண்பன். “பிள்ளைக்காக. இதுதான் ஆறாவது வருஷம்.”

வியாழன் காலை பத்தேகாலுக்குக் கதவுத் துவாரத்தால் நீலக் கடிதம் ஒன்று விழுந்தது. ஊரிலிருந்து என் அண்ணன் எழுதியது. நான் வழியில் வேறொரு நாட்டில் விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் சித்தப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். நான் புறப்பட்ட அன்று என் பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்து பஸ் நிலையம் வரை உருட்டி வந்தவர் அவர். அண்ணனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

தகப்பன் வழியில் சாவு விழுந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சாமிப் படத்தை அண்டக்கூடாது, விரதக்காரரோடு புழங்கக்கூடாது. விரல் விட்டு எண்ணினேன். அன்று பதினைந்தாம் நாள்.

நண்பன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கடிதத்தை அவனிடம் நீட்டினேன். வாசித்தான். என் தோளில் கையை வைத்தான்.

“இன்னும் பதினாறு நாள் கிடக்கு. நான் வேற எங்கயாவது போறன்,” என்றேன்.

“எங்க போவாய்? இஞ்ச உனக்கு ஆரைத் தெரியும்?”

“அப்ப கீழ சோபாவில படுக்கிறன்.”

“ஏன் எண்டு அவ கேப்பா. உனக்குப் பொய் சொல்லவும் வராது.” சற்று யோசித்தான். “இஞ்ச பார், கேள்விப்பட்டாத்தான் துடக்கு. கடிதம் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது எண்டு வை. உன்ர டயறியிலயும் அப்பிடியே எழுது.”

“நான் வாசிச்சிட்டனே.”

“வாசிச்சதை மறந்துபோ. ஞாயிறு பாறணையோட விரதம் முடியட்டும், நானே சொல்லுறன். ஆறு வருஷம், மச்சான்.”

கடிதத்தை மடித்துத் தன் வேலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பதினேழு வயதிலிருந்து ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அந்த வியாழனுக்கு உண்மையையும் எழுத முடியவில்லை, பொய்யையும் எழுத முடியவில்லை. அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

வெள்ளி காலை வேலைக்குப் புறப்படுமுன் நண்பனின் மனைவி திருநீற்றுத் தட்டை நீட்டினார்.

“என்ன அண்ணை, முகம் வாடிக்கிடக்கு? குளிர் பிடிச்சிட்டுதோ?”

“ஓம், குளிர்தான்.”

பூசிக்கொண்டேன். அவர் மேலே போய் நண்பனின் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். அதைப் போட்டுக்கொண்டு பின்னேரம் பூங்காவில் ஒரு மர வாங்கில் ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த வீட்டுக்குள் சித்தப்பாவை நினைக்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை ஆறாம் நாள். சூரன்போர் பார்க்க வரும்படி கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

“விரதம் பிடிக்கிறது நான், வயித்துக்குத்து உங்களுக்கோ?” என்று சிரித்துக்கொண்டே காலில் சப்பாத்தை மாட்டினார்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பாறணைச் சமையல் முடிந்துவிட்டது. ஒரே ஒரு வாழையிலை வாங்கி மூன்றாக வெட்டியிருந்தார். முதல் துண்டை என் முன்னால் போட்டார்.

“விரத நாளில வீட்டுக்கு வந்த ஆள் நீங்கள். முருகன் அனுப்பின ஆள் எண்டு கோயில்ல எல்லாருக்கும் சொன்னனான். முதல் வாய் நீங்கள் வையுங்கோ. பிறகுதான் நான்.”

நண்பனைப் பார்த்தேன். அவன் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிட்டேன். சித்தப்பா இறந்த நாள், கடிதம் வந்த நாள், வந்த நேரம், எல்லாவற்றையும் வரிசையாக.

அகப்பை அவர் கையிலேயே நின்றது.

“வியாழன் எண்டா நாலாம் நாள். அப்ப மூண்டு இரவு தெரிஞ்சுகொண்டே அங்க படுத்தனீங்கள்.”

“ஓம்.”

கணவனிடம் திரும்பினார். “உங்களுக்கும் தெரியுமே?”

“ஓம்,” என்றான் அவன்.

“அண்டைக்கே சொல்லியிருந்தா, அண்ணைக்குக் கீழ படுக்கை போட்டிட்டு, மேல கழுவிப்போட்டு நான் என்ர பாட்டில பிடிச்சிருப்பன். அவ்வளவுதானே.”

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“சித்தப்பாவுக்கு எத்தினை பிள்ளையள்?”

“மூண்டு.”

தலையசைத்தார். என் இலையில் சோற்றைப் போட்டார். “சாப்பிடுங்கோ. துடக்குக்காரருக்கும் பசிக்கும்தானே.” பிறகு வாளியில் தண்ணீர் எடுத்து மஞ்சள் கரைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். என் மெத்தையை இழுக்கும் சத்தமும் தரை தேய்க்கும் சத்தமும் கேட்டன. ஒன்பது பத்துக்குத்தான் இறங்கி வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அன்று முதல் சோபாவில் படுத்தேன். வட லண்டனில் எட்மண்டன் பக்கம் ஓர் அறை கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பருப்பில் உப்பு அளவாக இருந்தது.

அடுத்த ஐப்பசியில் நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டேன்.

“கந்தசட்டி பிடிக்கிறாவோ?”

“ஓம், பிடிக்கிறா,” என்றான். பிறகு, “முதலாம் வருஷம்,” என்றான்.