ஜெசிந்தாவின் சேர்வருக்கு டெஸ்க்டொப் போட்ட கதை

“அண்ணை, உங்கட பெட்டி செத்துப்போச்சு. உடனை வாங்கோ.”

தொலைபேசியில் ஜெசிந்தா. கிளிநொச்சியில், ஏ9 வீதியோரமாக, அவளும் கணவரும் ஒரு படம் பிடிக்கும் ஸ்டூடியோ நடத்தினார்கள். எடுத்த படங்களைச் சேமிக்க அங்கிருந்த லினக்ஸ் சேர்வரைத்தான் அவள் பெட்டி என்பாள். கட்டிக் கொடுத்தவன் நான். அதற்கு முதல் நாள்தான் அதில் டெஸ்க்டொப், அதாவது மௌஸால் தொட்டுத் திறந்து பார்க்கும் திரை, போட்டுவிட்டு வந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பிடிவாதம் பிடித்துப் போடவைத்தவள் அவள். உண்மையைச் சொன்னால், மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சொன்னது பலித்துவிட்டதல்லவா.

நான் நடத்திய கொம்பியூட்டர் கடையை இப்போது கொடுத்துவிட்டேன். வீட்டிலேயே சேர்வர் கட்டிப் பழகும் பிள்ளைகள் சிலர், டெஸ்க்டொப் போடலாமா கூடாதா என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

1. பெட்டி

கேசிங் என்ற வெளிக்கூடு வவுனியாவில், ஒரு பழைய சாமான் கடையில் எடுத்தது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனிசன் அது என்னவென்று கேட்டார். படம் வைக்கிற பெட்டி என்றேன். சாமிப் படமா என்றார். உள்ளே இருக்கும் மதர்போர்ட், கொம்பியூட்டர்களை மாற்றிய ஒரு கந்தோரில் கழித்துவிட்டது. ஹாட் டிஸ்க் இரண்டு மட்டும் புதிது. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் படம் போகாது. மொனிட்டர் இல்லை, மௌஸ் இல்லை. என் மடிக்கணினியின் கறுப்புத் திரையில் இருந்து கட்டளை அடிப்பதற்கு நான் ஒருவன் போதும். பெட்டி ஸ்டூடியோவின் மூலையில் இருந்து உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே தேத்தண்ணி குடித்த பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. நான் கட்டியதிலேயே எனக்கு அதுதான் செல்லம்.

எங்கள் பக்கத்தில், யுத்தத்தில் ஆல்பம் தப்பிய வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். ஜெசிந்தாவின் சொந்தக் கலியாண ஆல்பமே முல்லைத்தீவுக் கரையில் போனதுதான். அதனால் அவள் ஒருவருடைய படத்தையும் அழிக்க விடமாட்டாள். மீளக் குடியேறிய பிறகு எடுத்த முதலாவது கலியாணத்தில் இருந்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

2. சண்டை

செத்தவீடு நடந்த ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு ‘கல்வெட்டு’ என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். அதன் முன்பக்கத்தில் போட நல்ல படம் ஒன்று வேண்டும். செத்தவர் போன கலியாணங்களின் படங்களுக்குள் அதைத் தேடுவார்கள். பெட்டியில் கோப்புறைகள் எல்லாம் பொம்பிளை, மாப்பிள்ளை பெயரிலும் திகதியிலும்தான் இருந்தன. எடிட்டிங் கொம்பியூட்டரில் எந்த நேரமும் கணவரின் வேலை ஓடும். பெட்டியிலேயே மொனிட்டரையும் மௌஸையும் கொழுவிப் படங்களைப் பார்க்க வழி செய்து தரச் சொல்லி ஜெசிந்தா கேட்டாள்.

“சேர்வருக்கு டெஸ்க்டொப் போடுறேல்லை தங்கச்சி. சும்மா பாரம். பிரச்சினையை நாங்களே வெத்திலை வைச்சுக் கூப்பிடுற மாதிரி.”

“படம் வைக்கிற பெட்டியிலை படம் பாக்கேலாதெண்டா உது என்ன பெட்டி அண்ணை?”

“பேரைச் சொல்லுங்கோ, நான் ஒரு கட்டளையிலை தேடித் தாறன்.”

“செத்தவையின்ர முகத்தைத்தான் சனம் தேடுது. உங்கட கட்டளைக்கு முகம் தெரியுமோ?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கனதியில்லாத ஒரு டெஸ்க்டொப்பாகப் பார்த்துப் போட்டேன். கோப்புறையைத் திறந்ததும் சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின. ஜெசிந்தா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

3. தவம்

அடுத்த நாள் அந்தத் தொலைபேசி அழைப்பு. நான் போனபோது மொனிட்டருக்கு முன்னால் கதிரையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பெயர் தவம், பூநகரியில் இருந்து வந்தவர். தாய் செத்து அந்தியேட்டி நெருங்கிவிட்டது. அச்சகத்துக்கு அன்றைக்கே படம் கொடுக்க வேண்டும். தாய், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பியவர். போனைத் தூக்கினாலே சீலைத் தலைப்பால் முகத்தை மூடிவிடுவாராம்.

“அடையாள அட்டைப் படம் ஒண்டு கிடக்குது அண்ணை. அதிலை அவா பொலிஸிலை பிடிபட்ட ஆள் மாதிரி நிக்கிறா. அதைப் போட எனக்கு மனமில்லை” என்றார்.

தாய் கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போனவர். யாராவது ஒருவரின் கலியாணப் படத்தில், ஓரத்திலாவது அகப்பட்டிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் தவம் வந்திருந்தார். காலையில் இருந்து கோப்புறை கோப்புறையாகத் திறந்திருக்கிறார். கடைசியில் தாயைக் கண்டும் விட்டார். பிறகு திரை தானாக இருண்டுவிட்டது.

“நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

“பிறகு?”

ஜெசிந்தா சொன்னாள்: “கரண்ட் போயிட்டுதெண்டு நினைச்சன். ஓடிப்போய்ப் பிளக்கைக் கழட்டிப்போட்டன்.”

வேறு ஊர் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவதுதான். திரும்பி வரும்போது ஒரே அடியாக வந்து ஃபிரிட்ஜ், டீவி எல்லாவற்றையும் சுட்டுவிடும் என்ற பயம். அறையின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததை அந்தப் பதற்றத்தில் அவள் கவனிக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. டெஸ்க்டொப் தன்னோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தது. கொஞ்ச நேரம் மௌஸ் அசையாவிட்டால் இயந்திரத்தைத் தூங்கவைக்கும். மடிக்கணினிக்கு அது நல்லது. சேர்வருக்குக் கூடாது. தூங்கிய பெட்டியை எழுப்பியிருந்தால் போதும். பிளக்கைக் கழற்றியதுதான் வில்லங்கம்.

“படம் எந்தக் கோப்புறையிலை இருந்தது?”

“பேர் பாக்கேல்லை அண்ணை. சமையலுக்குப் போன வீடு ஆரின்ர எண்டும் நினைவில்லை. முகத்தைத்தான் பாத்தனான்.”

பிளக்கைக் கொழுவினேன். பெட்டி உறுமியது. டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று கறுப்புத் திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. “ஐயோ மாதாவே” என்று ஜெசிந்தா சிலுவை போட்டாள். திடீரென்று கரண்டை வெட்டினால் உள்ளே இருப்பது பழுதாகலாம். ஊரின் கலியாணங்கள் முழுக்க அதற்குள் கிடந்தன. கடைசியில் சேதமில்லாமல் எழும்பியது. ஆனால் தவம் காலையில் இருந்து திறந்த அத்தனை கோப்புறையையும் திரும்ப முதலில் இருந்து பார்ப்பதென்றால் பூநகரிக் கடைசி பஸ்ஸும் போய்விடும், அச்சகமும் பூட்டிவிடும்.

அப்போதுதான் கட்டளை கைகொடுத்தது. கோப்புறையைத் திறக்கும்போது வரும் சின்னப் படங்களை டெஸ்க்டொப் தனியாகச் சேமித்துவைக்கும். மூலப்படம் இருக்கும் இடமும் அதற்குள் இருக்கும். கறுப்புத் திரையைத் திறந்து, அவற்றில் கடைசியாக உருவானது எது என்று கேட்டேன். ஒரு கலியாணத்தின் பெயர் வந்து நின்றது.

“இப்ப சொல்லுங்கோ, கட்டளை வேணுமோ வேண்டாமோ?” என்று ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

“முதல்லை முகத்தைக் கண்டது ஆர் அண்ணை?” என்றாள்.

கோப்புறையைத் திறந்தோம். தவம் விரலை வைத்தார். ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கினாள். பந்தலுக்குப் பின்னால், பெரிய சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில், கையில் அகப்பையோடு ஒரு அம்மா. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“வடிவான படம். ஆரையோ பாத்துச் சிரிக்கிறா” என்றாள் ஜெசிந்தா.

“என்னைத்தான்” என்றார் தவம்.

படத்தின் மற்ற ஓரத்தைக் காட்டினார். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் நிலத்தில் இருந்தார். பக்கத்தில் சோற்று வாளி கவிழ்ந்து கிடந்தது.

“வழுக்கி விழுந்திட்டன். சபை முழுக்கப் பாத்தது. அம்மா சிரிச்சுப்போட்டா. எனக்குச் சரியான கோவம். அண்டைக்கு முழுக்க அவாவோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அவா இவ்வளவு சந்தோஷமாச் சிரிச்சவா எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். மௌஸை அசைக்கோணும் எண்டு எனக்கு நினைவே வரேல்லை.”

ஜெசிந்தா குசினிப் பக்கம் போய்விட்டாள். தேத்தண்ணியோடு திரும்பி வந்தாள். கல்வெட்டுக்குத் தாயை மட்டும் வெட்டி எடுத்தோம். வீட்டுக்கு முழுப்படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு தவம் பஸ்ஸைப் பிடித்தார்.

சேர்வருக்கு டெஸ்க்டொப் தேவையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கேட்பவர் கேட்டால் போட்டுக் கொடுங்கள். போட்ட கையோடு, வேறெதையும் தொட முதல், அந்தத் தூங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். மௌஸ் அசையாவிட்டால் முன்னால் ஆள் இல்லை என்றுதான் பெட்டி நினைக்கும். அன்றைக்கு அந்தக் கதிரையில் ஒரு மகன் இருந்தார்.