யாரும் திறக்காத கோப்புகள்

பாமா பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நிறுவனத்தில் படமும் வீடியோவும் சேமித்தவர்கள் சில லட்சம் பேர்தான். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இயந்திரங்களில் மூன்று பிரதிகள். ஒரு டிஸ்க் செத்தால், மிச்சமிருப்பதைப் பார்த்து சிஸ்டமே புதுப் பிரதி எழுதிக்கொள்ளும். அதிகம் பேசாத பாமாவுக்கு, சத்தமில்லாமல் தன்னையே சரிசெய்துகொள்ளும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

அக்கா பிரபா பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் தைக்கிறாள். அவளுடைய ஒரே மகள் லாவண்யா டெங்குவில் இறந்த வாரம், போனில் இருந்த வீடியோக்களைப் பாமாதான் தன் நிறுவனத்தின் இலவசக் கணக்கில் ஏற்றினாள்.

"போன் போனாலும் இது போகாதுக்கா. மூணு இடத்துல இருக்கும்."

போன் சீக்கிரமே போனது. அக்கா வீடியோக்களை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. குரலைக் கேட்டால் தாங்கமாட்டேன் என்றாள். இருக்கிறது என்ற தைரியமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பயனர்கள் கோடிகளைத் தாண்டினார்கள். தினமும் டிஸ்குகள் செத்தன. பிரதியெடுக்கும் வேலையே சிஸ்டத்தை அடைத்துக்கொண்டது. எதை முதலில் பிரதியெடுப்பது என்று மேலாளர் ஹெர்பர்ட் வரிசை போடச் சொன்னார். பாமா போட்டாள்: அண்மையில் திறந்தவை முதலில், இரண்டு வருடமாகத் திறக்காதவை கடைசியில். கடைசி வரிசை நகரவே மாட்டேனென்கிறது என்று அவள் சொன்னபோது ஹெர்பர்ட் சிரித்தார்.

"யாருமே எட்டிப் பாக்காத ஃபைலுக்கு என்னம்மா அவ்ளோ மரியாதை? நாம என்ன மியூசியமா நடத்துறோம்?"

நியாயமாகத்தான் பட்டது. அக்காவின் ஞாபகம் அப்போது வரவில்லை.

ஏப்ரலில் மின்சாரம் போய் வந்தபோது பழைய டிஸ்குகள் கூட்டமாக எழாமல் போயின. கடைசி வரிசையில் காத்திருந்த கோப்புகள் சிலவற்றுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் அவற்றோடு போனது. இழப்பு மிகக் குறைவு என்று அறிக்கை எழுதியவளும் பாமாதான். எழுதி முடித்த பிறகுதான் அக்காவின் கணக்கைத் தேடினாள். கோப்புகளின் பெயர்கள் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

அக்காவிடம் சொல்ல வாய் வராமல் மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்ட கையோடு அக்கா போனை நீட்டினாள்.

"இன்னிக்குப் பாக்கலாம்னு தோணுது. நீ பக்கத்துல இருக்கும்போதே போட்டுக் காட்டுடி."

ஆண்டுவிழா, பிறந்தநாள், ஒகேனக்கல் என்று பாமா அன்று வைத்த பெயர்கள் திரையில் வந்தன. அக்கா ஒன்றைத் தொட்டாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் சரியில்லை என்று ஜன்னல் பக்கம் எழுந்து போனாள்.

"அக்கா, அது வராது."

பாமா எல்லாவற்றையும் சொன்னாள், வரிசை போட்டது தான்தான் என்பதையும். அக்கா அவளைத் திட்டவில்லை.

"நடுவுல ஒருவாட்டி திறந்து பாத்திருந்தா இருந்திருக்குமாடி?"

"இருந்திருக்கும்க்கா."

இப்போது அக்கா வேலைக்குக் கிளம்பும்முன் தினமும் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்க்கிறாள். வரிசையில் அவை முன்னால் வந்துவிட்டன. பிரதியெடுக்கத்தான் எதுவுமில்லை.